டப்பாவின் முன்பக்கமும் பின்பக்கமும்

பெருந்துறையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை, சென்ற மாதம் தன் ஏழு மாதப் பெண் குழந்தையுடன் கோவைக்கு வந்திருந்தாள். பையிலிருந்து மூன்று பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டு பெரிய கம்பெனிகளின் டப்பாக்கள். ஒன்று உள்ளூர்க் கடைச் சத்துமாவுப் பொட்டலம். "இதுல எதுங்கண்ணா நல்லது? படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றாள். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துபவன். ஊட்டவியல் என் துறையன்று. ஆயினும் எண்ணும் அலகும் இருக்கும் எதையும் படிக்காமல் விடுவதில்லை. நூலுக்கு மதிப்புரை எழுதுவது போல டப்பாவுக்கும் எழுதலாம் என்று அன்று தோன்றிற்று.

முதலில் முன்பக்கம். குழந்தை உணவு டப்பாவில் குழந்தையின் படம் இல்லாதது உங்களுக்கு வியப்பளிக்கலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்துள்ளது. தாயின் படமும் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் கட்டாயம். 2003இல் இச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டு, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளுக்கு விளம்பரமே கூடாது என்றாயிற்று. நல்ல சட்டம். ஆனால் குழந்தை இருந்த இடத்தில் இப்போது கோதுமைக் கதிரும் ஆப்பிளும் பாற்குவளையும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே ஆப்பிள் எவ்வளவு என்பதைப் படம் சொல்வதில்லை. அதைப் பின்பக்கம்தான் சொல்லும்.

பின்பக்கத்தில் உட்பொருள்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக இருக்க வேண்டும் என்பது விதி. பழம் பட்டியலின் கடைசியிலும் சர்க்கரை மூன்றாவதாகவும் இருந்தால் நீங்கள் வாங்குவது எது என்று விளங்கிவிடும். சர்க்கரைக்குப் பல பெயர்கள் உண்டு: சுக்ரோஸ், குளுக்கோஸ் பாகு, பழச்சாற்றுச் செறிவு, தேன். மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரைக் கணக்கில் வராது. எனினும் எளிதில் குளுக்கோஸாக உடையும் பொருள்தான். 'மொத்தச் சர்க்கரை'யைக் கண்டு மட்டும் பதற வேண்டாம். பாலில் இயற்கையாக உள்ள லாக்டோஸும் அதில் அடங்கும். நாம் தேட வேண்டியது 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்னும் வரியை.

இந்த வரிதான் 2024 ஏப்ரலில் உலகச் செய்தியாயிற்று. சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு, குழந்தை உணவுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்புடன் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்ற நெஸ்லேயின் 15 செரிலாக் வகைகளில் வேளை ஒன்றுக்குச் சராசரி 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்ற அதே வகை உணவில் ஒன்றுமில்லை. தாய்லாந்தில் 6 கிராம் வரை இருந்தது. நிறுவனமோ, ஐந்தாண்டுகளில் 30 விழுக்காடு வரை குறைத்துவிட்டதாகச் சொல்லிற்று. இந்தியக் கிளையின் தலைவர் வேறோர் எண்ணையும் தந்தார்: 100 கிராமுக்கு அனுமதி 13.6 கிராம், எங்களுடையது 7.1 கிராம்தான்.

இங்கே இயற்பியல் ஆசிரியன் குறுக்கிட வேண்டியதாகிறது. ஒரு தரப்பு 'வேளைக்கு' என்கிறது. மறுதரப்பு '100 கிராமுக்கு' என்கிறது. அலகு வேறானால் எண்களை ஒப்பிட முடியாது. 7.1ஐக் கொண்டு கணக்கிட்டால், 2.7 கிராம் சர்க்கரை ஏறத்தாழ 38 கிராம் தூளில் இருக்கும். ஒரு வேளைக்குக் கரைக்கும் அளவு ஏறக்குறைய அதுவே. ஆகவே இருவரும் பொய் சொல்லவில்லை. தத்தமக்கு வசதியான அலகைத் தேர்ந்துகொண்டார்கள். இரு வேளை ஊட்டினால் நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல் சர்க்கரை.

என் குறை அந்த 13.6இன் மேல்தான். இது எங்கிருந்து வந்தது? நமது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், லாக்டோஸும் குளுக்கோஸ் தொடர்களுமே விரும்பத்தக்கவை என்று தொடங்குகின்றன. பிறகு, தேவைப்பட்டால் சுக்ரோஸும் பிரக்டோஸும் சேர்க்கலாம், மொத்த மாச்சத்தில் 20 விழுக்காட்டை மீறக் கூடாது என்று முடிக்கின்றன. 68 கிராம் மாச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு 13.6. கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் இது 54 கிலோகலோரி. 100 கிராம் தூளின் ஆற்றலைச் சுமார் 400 என்று கொண்டால் 13 விழுக்காட்டுக்கும் மேல். பெரியவர்களுக்கே ஒரு நாள் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், 5 ஆனால் இன்னும் நன்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறது. அது முழு நாள் உணவுக்கான அளவுகோல். ஒரு டப்பாவுக்கு அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பல்லே முளைக்காத குழந்தையின் உணவுக்குப் பெரியவர்களுடையதைவிடத் தளர்ந்த வேலி எதற்கு? அந்நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2022இல் மூன்று வயது வரை சர்க்கரையே சேர்க்கக் கூடாது என்றது. நம் விதியில் 'தேவைப்பட்டால்' என்றொரு சொல் இருக்கிறதே, யாருக்குத் தேவை என்பது அதில் இல்லை.

2024 அக்டோபரில் அந்நிறுவனம் 21 வகைகளில் 14ஐச் 'சுத்திகரித்த சர்க்கரை' இல்லாமல் தருவதாக அறிவித்தது. வரவேற்போம். 'சுத்திகரித்த' என்ற அடைமொழி நமக்குப் புதிதல்ல. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்கு நிறம் உண்டு, மணம் உண்டு. அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். தேனை ஒரு வயதுக்குள் நாவில் தடவவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகளை எதிர்க்கும் திறன் சிசுவின் குடலுக்கு இல்லை. 'சேனை' வைக்கும் பெரியவர்கள் என்மேல் கோபிக்கட்டும்.

இனிச் சத்துமாவு. அந்தப் பொட்டலத்தின் முன்பக்கம் '27 தானியங்கள்' என்றது. பின்பக்கம் ஒன்றுமே இல்லை. தேதியில்லை, அளவில்லை, 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. கடைக்குப் போன் செய்தபோது "நேத்துதானுங்க அரைச்சது" என்றார்கள். எந்த நேற்று என்று கேட்கத் தோன்றவில்லை. ஈரம் பட்ட நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முற்றிலும் போகாது. தானியங்களின் எண்ணிக்கை சத்துக்கு அளவுகோல் ஆகாது.

நம் ஊரிலேயே இதைவிட எளிய கணக்கு ஒன்று போடப்பட்டது. 1970களில் கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியினர் 'குழந்தை அமுது' என்ற கலவையை உருவாக்கினர். வறுத்த சோளம் அல்லது அதையொத்த தானியம், பச்சைப்பயறு, நிலக்கடலை, வெல்லம்: நான்கே பொருள்கள். அதிலும் இனிப்பு உண்டே என்பீர்கள். வயிறு நிறையாத கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கலோரியே குறைவாக இருந்த காலம் அது. இன்று என் தங்கையின் வீட்டில் அந்தக் குறை இல்லை.

ஆனால் வேறொரு சிக்கல் எல்லா வீட்டிலும் உண்டு. மாவைக் காய்ச்சினால் ஸ்டார்ச் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிக் கெட்டிப்படும். குழந்தை விழுங்கும் பதத்துக்கு நீர் சேர்க்கச் சேர்க்க ஆற்றல் குறையும். ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிலிட்டர்தான் கொள்ளும். நூற்றுக்குப் பத்துப் பங்கு மாவிட்ட கஞ்சி அவ்வளவும் குடித்தாலும் 70 கிலோகலோரி. 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 தேவை. இதற்கு வழி முளைப்பில் இருக்கிறது. முளைக்கும் ராகியில் அமிலேஸ் நொதி சுரந்து நீண்ட ஸ்டார்ச் தொடர்களை வெட்டுகிறது, கெட்டித்தன்மை குலைகிறது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1980களின் தொடக்கத்தில் முளைகட்டிய ராகி, பச்சைப்பயறு மாவை இதற்காகவே அமைத்தனர்.

நீங்களே செய்து பாருங்கள். இரு கிண்ணங்களில் ஒரே கெட்டிக் கஞ்சி. கொதி அடங்கியதும் ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி முளைராகி மாவைக் கலக்குங்கள். சில நிமிடங்களில் அது கரண்டியிலிருந்து ஒழுகும், மற்றது ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தைக்கானால் மீண்டும் ஒரு கொதி விட்டு ஆற்றுங்கள். மாவைக் கருக வறுத்தால் நொதி அழிந்துவிடும், கவனம்.

டப்பாவுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: அதில் இரும்புச்சத்து அளந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலின் இரும்பு போதாது. ராகியின் இரும்போ முழுதும் உடலில் சேர்வதில்லை. வீட்டு மாவை நம்புவோர் முட்டை, ஈரல், பயறு என்று வேறு வழி தேடியே ஆக வேண்டும். இதைச் சத்துமாவுக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

தங்கை ஊருக்குத் திரும்பியபோது, சேர்த்த சர்க்கரை இல்லாத டப்பாவையும், அம்மா முளைகட்டி அரைத்த ராகி மாவையும் எடுத்துப்போனாள். சர்க்கரை டப்பா கடைக்கே திரும்பிற்று. 27 தானியப் பொட்டலம் இங்கேயே இருக்கிறது. காலையில் நான்தான் குடிக்கிறேன். ஏலக்காய் மணம் நன்றாகவே இருக்கிறது.