முடியாமையின் இலக்கணம்: ஆங்கிலமும் ரஷ்யனும்

ஒன்று முடியாது என்று சொல்ல ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் 'கான்ட்' என்ற ஒரு துணைவினையே போதும். நீந்தத் தெரியாதவர் சொல்வதும் அதுதான், உள்ளே விட மறுக்கும் காவலாளி சொல்வதும் அதுதான், "வந்தது அவராக இருக்க முடியாது" என்று ஊகிப்பவர் சொல்வதும் அதுதான். எஃப். ஆர். பாமர் 1979-இல் வெளியிட்ட ஆங்கிலத் துணைவினைகள் பற்றிய நூல் இந்தப் பொருள்களைத் திறன், அனுமதி, ஊகம் என்ற அடிப்படையில் பிரித்துக் காட்டியது. பேச்சில் அவற்றைப் பிரித்தறிவது கேட்பவரின் வேலை.

எதிர்மறைக்கு ஆங்கிலம் ஒரு சலுகையும் தருகிறது. நேற்று ஒரு பூட்டை ஒருமுறை முயன்று திறந்துவிட்டதைச் சொல்ல 'குட்' பொருந்தாது, 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். திறக்க முடியாமல் போனதைச் சொல்லவோ 'குடன்ட்' தாராளமாகப் போதும். பொதுத்திறனுக்கும் ஒருமுறை நிகழ்ந்த வெற்றிக்கும் உள்ள வேறுபாடு தோல்வியில் மறைந்துவிடுகிறது.

ரஷ்ய மொழியிலும் 'மோச்' என்ற வினை உண்டு. 'நெ மகூ' என்றால் 'என்னால் முடியாது'. ஆனால் இந்தச் சுமையை அந்த மொழி ஒரு சொல்லின் தலையில் மட்டும் ஏற்றவில்லை. ரஷ்ய வினைகள் பெரும்பாலும் இரட்டையாக அமைந்தவை: ஒரு வடிவம் செயலை முடிந்த முழுமையாகப் பார்க்கிறது, மற்றது நடப்பாகவோ வழக்கமாகவோ பார்க்கிறது. 'நெல்ஸ்யா' என்ற சொல்லோடு இவை சேரும்போது பொருளே மாறுகிறது. ஓர் அறையின் கதவு பூட்டிக் கிடக்கிறது, சாவி இல்லை: அப்போது 'நெல்ஸ்யா வைத்தீ', நுழைய முடியாது. அதே கதவு திறந்திருக்கிறது, உள்ளே தேர்வு நடக்கிறது: அப்போது 'நெல்ஸ்யா வ்ஹதீத்', நுழையக் கூடாது. பூட்டிய கதவு தடுப்பது செயலின் நிறைவை, அதனால் நிறைவு வடிவம் வருகிறது. தேர்வறை விதி செயல் தொடங்குவதையே மறுக்கிறது, அதனால் மற்ற வடிவம் வருகிறது. தமிழ் 'முடியாது', 'கூடாது' என்று இரு சொற்களால் காட்டும் வேறுபாட்டை ரஷ்யன் வினையின் உருவத்திலேயே வைத்திருக்கிறது. ரஷ்யன் கற்கும் ஆங்கிலேயர்கள் அதிகம் தடுமாறும் இடங்களில் இது ஒன்று. ஜான் ஃபோர்சைத் 1970-இல் எழுதிய ரஷ்ய வினை பற்றிய நூல் இத்தகைய தேர்வுகளை விரிவாக ஆராய்கிறது.

இன்னும் அழுத்தமான அமைப்பில் துணைவினையே கிடையாது. ஆளை நான்காம் வேற்றுமையில் வைத்து, 'நெ' என்ற எதிர்மறையோடு 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் போன்ற வடிவத்தைச் சேர்த்தால் வாக்கியம் முடிந்துவிடும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உனக்கு என்னைப் புரிந்துகொள்ள இல்லை' என்றிருக்கும். பொருளோ, எவ்வளவு முயன்றாலும் உன்னால் என்னைப் புரிந்துகொள்ள முடியாது என்பது. அலெக்சாந்தர் பெஷ்கோவ்ஸ்கி 1914-இல் வெளியிட்ட ரஷ்யத் தொடரியல் நூலில் இத்தகைய வாக்கியங்களைத் தனி வகையாகக் கொண்டு ஆராய்ந்தார். ஃபியோதர் தியூத்செவ் 1866-இல் ரஷ்யாவைப் பற்றி எழுதிய நான்கு வரிக் கவிதையின் முதல் அடியும் இந்த வகைதான். அதில் ஆளே குறிக்கப்படவில்லை, எனவே இயலாமை எல்லோருக்கும் பொதுவாகிறது.

போக்கிடம் இல்லை, பேச ஆளில்லை, நேரமில்லை என்பவற்றுக்கும் ரஷ்யனில் 'நேகுதா' போன்ற தனிச் சொற்கள் உண்டு. அங்கும் ஆள் நான்காம் வேற்றுமையில்தான் நிற்கிறார். சில இடங்களில் நிலைமை தலைகீழ். இரைச்சலான தொலைபேசியில் ஆங்கிலேயர் 'உன் குரலைக் கேட்க முடியவில்லை' என்கிறார். ரஷ்யர் வெறுமனே 'கேட்கவில்லை' என்று நிறுத்திக்கொள்கிறார்.

இந்த நான்காம் வேற்றுமை அமைப்புகளிலிருந்து ரஷ்யரின் மனப்போக்கையே வரைய முயன்றவர் மொழியியலாளர் அன்னா வியெஷ்பிட்ஸ்கா. மனிதரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதாக வாழ்வைப் பார்க்கும் போக்கு இவ்விலக்கணத்தில் தெரிகிறது என்று 1992-இல் வெளியான நூலில் அவர் வாதிட்டார். அவர் திரட்டிய சான்றுகள் மதிப்புமிக்கவை, முடிவு அவற்றைத் தாண்டிப் போகிறது. மரண தண்டனைகளை எதிர்த்து 1908-இல் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பிட்டபோது, மௌனமாக இருக்க முடியாது என்பதைத் தல்ஸ்தோய் 'நெ மகூ' என்று தன்மை வினையில்தான் சொன்னார். எதிர்ப்பின் பொறுப்பைத் தானே ஏற்கும் குரல் அது. 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று தமிழரும் நாள்தோறும் நான்காம் வேற்றுமையில் பேசுகிறார்கள். அதைக் கொண்டு தமிழர் விதிக்குப் பணிந்தவர் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. ரஷ்யருக்கும் அதே நியாயம் வழங்கப்பட வேண்டும்.