இணையத்தின் பிறப்பும் பொதுப்பணமும்: ஜனெற் அபேற்றின் வரலாற்று நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றை மேற்கொள்வதுண்டு. ஒரு கருவியை மேதை ஒருவரின் சிந்தனையில் உதித்த விந்தையாகக் காட்டுவது ஒரு வழி. சந்தையின் தேவை தானாகவே ஈன்றெடுத்த பொருளாகக் காட்டுவது மற்றொரு வழி. இணையத்தின் வரலாறு பற்றி வெளிவந்துள்ள எழுத்துக்களிலும் இவ்விரு போக்குகளும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இரண்டும் வேறுபட்டவை போலத் தோன்றினும் ஓர் உண்மையை மறைப்பதில் ஒன்றுபடுகின்றன. 1960களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஐக்கிய அமெரிக்க அரசு மக்களின் வரிப்பணத்தைக் கணினி வலையமைப்பு ஆராய்ச்சிக்குத் தொடர்ச்சியாக வழங்கியது என்பதே அவ்வுண்மையாகும்.

இதனை ஆதாரங்களுடன் நிறுவிய நூல்களுள் ஜனெற் அபேற் எழுதி, 1999ஆம் ஆண்டு எம்.ஐ.ரி. பதிப்பகம் வெளியிட்ட 'இணையத்தைக் கண்டுபிடித்தல்' எனப் பொருள்படும் ஆங்கில நூல் முதன்மையானது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்திற்காக அவர் மேற்கொண்ட ஆய்வே இந்நூலுக்கு அடித்தளமாயிற்று. இதற்கு மூன்றாண்டுகள் முன்னர் கேற்றி ஹவ்னர், மத்தியூ லயன் ஆகியோர் எழுதிய வரலாறு வெளிவந்திருந்தது. 1994இல் பொஸ்ரன் நகர விடுதியொன்றிற் பழைய பொறியியலாளர்கள் ஒன்றுகூடிய காட்சியுடன் தொடங்கும் அந்நூல் சுவையானது. எனினும் அதன் நாயகர்கள் தனிமனிதர்களே. அபேற்றின் நூலிலோ நிறுவனங்களும் நிதியும் பயனாளரும் கதையை நடத்திச் செல்கின்றனர். வரலாற்றை நோக்கும் முறையிற் காணப்படும் இவ்வேறுபாடே இந்நூலைத் தனித்து மதிப்பிடவேண்டிய தேவையை ஏற்படுத்துகின்றது.

வலையமைப்பு ஆராய்ச்சியின் தொடக்கம் கெடுபிடிப் போரோடு பிணைந்தது. 1957 ஒக்ரோபரிற் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியது. அதன் விளைவாக 1958இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின்கீழ் ஆர்ப்பா என்னும் ஆராய்ச்சி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1962இல் லிக்லைடர் என்னும் உளவியலாளரின் பொறுப்பில் அங்கு கணினி ஆராய்ச்சிப் பிரிவொன்று அமைந்தது. பல்வேறு பல்கலைக்கழகங்களில் அந்நிறுவனத்தின் பணத்தில் வாங்கப்பட்ட கணினிகள் ஒன்றோடொன்று பேசமாட்டாதிருந்த நிலையைக் கண்ட றொபேட் ரெய்லர், அவற்றை இணைக்கும் திட்டத்திற்கென 1966இல் ஒரு மில்லியன் டொலரைப் பெற்றுக்கொண்டார். லோறன்ஸ் றொபேட்ஸ் அத்திட்டத்தை நெறிப்படுத்தினார். 1969ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்திற்கு முதலாவது செய்தி சென்றது. ஆர்ப்பாநெற் எனப்பட்ட அவ்வலையமைப்பில் அவ்வாண்டின் இறுதியில் நான்கு நிலையங்கள் இணைந்திருந்தன.

இவ்வரலாற்றிலே தனியார் முதல் எங்கு நின்றது என்பது கவனித்தற்குரியது. செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து வெவ்வேறு வழிகளில் அனுப்பும் முறையை றாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன் 1964இல் விரிவாக எழுதியபோது, தொலைபேசித் துறையின் பேரரசாக விளங்கிய ஏ.ரி.அன்.ரி. கம்பனியின் வல்லுநர்கள் அது இயங்காது என்றனர். 1970களின் தொடக்கத்தில் ஆர்ப்பாநெற்றைப் பொறுப்பேற்குமாறு அக்கம்பனியை அணுகியபோதும் அது மறுத்துவிட்டது. தனது மூலதனம் முழுவதும் பழைய தொலைபேசி முறையிலே தங்கியிருந்தவிடத்து அதனை அழிக்கவல்ல புதுமையொன்றில் அக்கம்பனி முதலிட முன்வராமை வியப்பன்று. இலாபம் கிட்டுமா என்பது தெரியாத நீண்ட காலத்தைப் பொதுப்பணமே தாங்கிற்று.

அபேற்றின் நூலில் முதலிற் குறிப்பிடத்தக்க சிறப்பு அதன் ஒப்பியல் நோக்காகும். பரனை அறியாமலே பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ் 1965இல் அதே முறையைக் கண்டடைந்தார். 'பொதி' என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. பரனுக்கு அணுப்போரிலும் அழியாத செய்தித் தொடர்பு நோக்கமாயிருந்தது. டேவிசுக்கோ பிரித்தானியக் கைத்தொழிலின் புத்தெழுச்சியும் பலர் ஒரே நேரத்திற் கணினியைப் பயன்படுத்தும் வசதியும் நோக்கங்களாயின. கருத்து ஒன்றாயிருந்தும் பயன் வேறுபட்டது. தபால் திணைக்களத்தின் கையிலிருந்த தொடர்பாடற் கம்பிகளை மீறி டேவிசினால் நாடளாவிய வலையமைப்பொன்றை நிறுவ இயலவில்லை. பிரான்சில் லூயி பூசான் அரச நிதியுடன் 1970களில் உருவாக்கிய சிக்கிளாட் வலையமைப்பும், பின்னர் அந்நிதி குறுகியமையால் நிலைக்காது போயிற்று. ஒரு கண்டுபிடிப்பு வேர்கொள்வதற்குக் கருத்தின் கூர்மையைவிட, அதனைத் தாங்கும் நிறுவன அமைப்பும் இடையறாத நிதியுமே இன்றியமையாதன என்பதை நூலாசிரியர் இவ்வொப்பீட்டினால் தெளிவுபடுத்துகின்றார்.

இரண்டாவது சிறப்பு, பயனாளரைப் படைப்பாளராகக் காட்டியமையாகும். வலையமைப்பின் நெறிமுறைகளை வகுக்கும் பணி பெரிதும் பட்டப்பின் மாணவர்களின் கையிலே விடப்பட்டிருந்தது. 1969 ஏப்பிரலில் ஸ்ரீவ் குறொக்கர் என்னும் மாணவர் எழுதிய குறிப்புடன் தொடங்கிய, கருத்துரை கோரும் குறிப்புகளின் தொடர், எவரும் வாசிக்கவும் திருத்தம் கூறவும் இடமளித்தது. தொலைவிலுள்ள கணினிகளின் ஆற்றலைப் பகிர்ந்துகொள்வதற்கென அமைக்கப்பட்ட வலையமைப்பு, 1970களின் தொடக்கத்தில் மின்னஞ்சல் தோன்றியதும், மனிதர் மனிதரோடு உரையாடும் சாதனமாக மாறிற்று. மேலிருந்து வகுக்கப்பட்ட திட்டத்தைப் பயன்படுத்தியோர் கீழிருந்து மாற்றியமைத்தனர். 1974இல் வின்ரன் சேர்வ், றொபேட் கான் இருவரும் வெளியிட்ட நெறிமுறைத் திட்டத்திற் பிரெஞ்சு ஆய்வாளரின் செல்வாக்கும் கலந்திருந்தது. ரீ.சீ.பீ./ஐ.பீ. என வளர்ச்சியடைந்த அந்நெறிமுறை 1983 சனவரி முதலாந் திகதி ஆர்ப்பாநெற் முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. எவரும் கட்டணமின்றிக் கையாளத்தக்கதாக அது விளங்கியமைக்கு, பொதுப்பணத்தில் உருவானமை ஒரு முக்கிய காரணமாகும்.

இத்துணைச் சிறப்புக்கள் வாய்ந்த நூலிலும் இரு குறைபாடுகள் உள. முதலாவது, பொதுப்பணம் என்பதன் தன்மை பற்றியது. ஆர்ப்பாவின் பணம் மக்களிடமிருந்து பெறப்பட்டதாயினும் மக்களின் தீர்ப்புக்கு உட்பட்டுச் செலவிடப்பட்டதன்று. அது இராணுவத்தின் பணம். அந்நிறுவனம் வியற்நாமில் கிளர்ச்சி ஒடுக்கும் ஆராய்ச்சிகளையும் நடத்திவந்தது. ஆய்வாளர்க்குச் சுதந்திரத்தையும் சட்டசபைக்குப் பாதுகாப்புத் தேவையையும் எடுத்துக்காட்டி ஆர்ப்பா அதிகாரிகள் இரு முகங்கொண்டு இயங்கியதை அபேற் நன்கு விளக்குகின்றார். ஆயின் அதனை நிர்வாகத் திறமையாக நோக்குமளவுக்கு, அதனால் எழும் அறவினாவை அவர் நோக்கவில்லை. அதே காலத்திற் கேம்பிறிட்ஜ் நகர மாணவர்கள், சமூக விஞ்ஞானத் தரவுகளைக் கணினியில் ஆராய ஆர்ப்பா நிதியளித்த திட்டத்தை எதிர்த்துக் குரலெழுப்பினர். 1969இல் நிறைவேறிய மான்ஸ்பீல்ட் திருத்தம், பாதுகாப்புத் திணைக்களத்தின் பணம் இராணுவத் தொடர்புடைய ஆராய்ச்சிக்கே செல்லவேண்டும் என விதித்தது. கெடுபிடிப் போர்ச் சிந்தனைக்கும் கணினிக்குமுள்ள உறவை போல் எட்வேட்ஸ் 1996இல் வெளியிட்ட நூல் ஆழமாக ஆராய்ந்துள்ளது. அதனோடு சேர்த்து வாசிக்கும்போதே அபேற்றின் நூலிலுள்ள இவ்விடைவெளி புலனாகின்றது.

இரண்டாவது குறைபாடு இதனினும் பாரதூரமானது. அது இணையம் தனியார் கைக்கு மாறிய கட்டம் பற்றியது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் பல்கலைக்கழகங்களை இணைக்கும் பொதுவான முதுகெலும்பு வலையமைப்பொன்றை நிறுவியது. மெரிற் என்னும் மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, ஐ.பீ.எம்., எம்.சீ.ஐ. கம்பனிகளுடன் இணைந்து அதனை நடத்திற்று. கம்பனிகளும் தமது பங்கை வழங்கின. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் அன்றி வணிகத்துக்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்பது விதி. 1990இல் அதே பங்காளிகள் ஏ.என்.எஸ். என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, வணிகப் போக்குவரத்தையும் அதே கட்டமைப்பின்மீது விற்கத் தலைப்பட்டபோது ஏனைய கம்பனிகள் ஆட்சேபித்தன. 1992இல் நிறைவேறிய சட்டமொன்று அவ்விதியைத் தளர்த்தியது. 1995 ஏப்பிரல் 30ஆம் திகதி அரச முதுகெலும்பு மூடப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதம் நெற்ஸ்கேப் கம்பனி பங்குச்சந்தையில் நுழைந்த முதல்நாளிலேயே அதன் பெறுமதி இரண்டு பில்லியன் டொலரைத் தாண்டியது. அக்கம்பனியின் உலாவியை ஆக்கியோர் பலர், தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதிபெற்ற இலினோய்ப் பல்கலைக்கழக நிலையமொன்றிலே முந்திய உலாவியான மொசைக்கை உருவாக்கியவர்கள். அவ்வாண்டிலேயே, அதுவரை அரசின் செலவில் நடந்த ஆட்களப் பெயர்ப் பதிவுக்கு இரண்டாண்டுகளுக்கு 100 டொலர் கட்டணம் அறவிடும் உரிமையைத் தனியார் கம்பனியொன்று பெற்றது.

இந்நிகழ்ச்சிகளை அபேற் தமது இறுதி அதிகாரத்தின் ஒரு பகுதியிற் கூறிச்செல்கின்றார். பயன்பாடு பெருகியது, வணிகம் புகுந்தது, அரசு விலகியது என்ற வகையில் மாற்றம் இயல்பான முடிவுபோலவே அங்கு தோற்றமளிக்கின்றது. இதற்குச் சார்பாகக் கூறத்தக்கனவும் உண்டு. பல்கலைக்கழக எல்லையைத் தாண்டிக் கோடிக்கணக்கான மக்களிடம் இணையம் சென்றடைந்தமைக்கு வணிக முதலீடு பெருந்துணை புரிந்தது. அரசின் ஆராய்ச்சி மன்றமொன்று உலகத் தபாற்சேவையை என்றென்றும் நடத்துதல் இயலாது. நூல் எழுதப்பட்ட காலத்திற் பின்விளைவுகள் முற்றாகத் தெரியவுமில்லை. ஆயினும் கைமாற்றத்தின் நிபந்தனைகள் யாவை, அவற்றைத் தீர்மானித்தவர் யாவர், வரியிறுத்த மக்களுக்கு என்ன ஈடு கிடைத்தது என்னும் வினாக்கள் 1999இலும் எழுப்பக்கூடியனவே. முன்னைய அதிகாரங்களில் ஒவ்வொரு நெறிமுறைக்கும் பின்னாலுள்ள நலன்களைத் தேடிய ஆசிரியர், உடைமை கைமாறுமிடத்தில் அத்தேடலைத் தளர்த்திவிடுகின்றார். மாற்று வழி இருந்தது என்பதற்கு ஐரோப்பாவிலேயே சான்றுண்டு: ஐரோப்பிய அரசுகளின் பணத்தில் இயங்கும் சேர்ன் ஆய்வகம், அங்கு பிறந்த உலகளாவிய வலையின் நிரல்களை 1993 ஏப்பிரல் 30ஆம் திகதி எவருக்கும் உரிமைப்பணம் இன்றிப் பொதுவில் வழங்கிற்று.

பின்வந்த நூல்கள் இவ்விடைவெளியின் வெவ்வேறு பக்கங்களை நிரப்ப முயன்றுள்ளன. மரியானா மசுக்காற்றோ 2013இல் வெளியிட்ட நூல், இடர் பொதுவாகவும் இலாபம் தனியாகவும் பங்கிடப்படுவதைச் சுட்டி, அரசுக்கும் பயனிற் பங்கு வேண்டும் என வாதிடுகின்றது. பெஞ்சமின் பீற்றர்ஸ் 2016இல் எழுதிய சோவியத் வலையமைப்பு வரலாறு மறுபுறத்தைக் காட்டுகின்றது. கியெவ் நகரில் விக்ரர் குளுஷ்கோவ் 1962இல் முன்வைத்த நாடளாவிய கணினி வலையமைப்புத் திட்டம், நிதி அமைச்சுக்கும் மத்திய புள்ளிவிபர நிர்வாகத்திற்கும் இடையிலான போட்டியிற் சிக்கி, 1970இல் தலைமைப்பீடத்தின் முழு ஆதரவை இழந்தது. சந்தை நாட்டில் ஆய்வாளர் கூட்டுறவாய் இயங்க, பொதுவுடைமை நாட்டில் திணைக்களங்கள் போட்டி வணிகரைப்போல் நடந்துகொண்டன என்பது பீற்றர்ஸின் கருத்து. அரசின் கையிற் பணம் இருப்பது மட்டும் போதாது. அது எவ்வகைச் சமூக உறவுகளின் ஊடாகச் செலவாகின்றது என்பதே முடிவைத் தீர்மானிக்கின்றது.

இவ்வினாக்கள் அமெரிக்க வரலாற்றோடு முடிந்துவிடுவன அல்ல. 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவ, கொழும்பு, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆசிரியர்கள் இலங்கையின் பல்கலைக்கழகங்களை லேர்ன் என்னும் வலையமைப்பால் இணைக்க முனைந்தபோது, பொதுப்பணத்தில் உருவாகித் திறந்த நிலையில் விடப்பட்டிருந்த இத்தகைய நெறிமுறைகள் அவர்களுக்கும் பயன்பட்டன. ஒரு நாட்டின் மக்கள் இறுத்த வரி வேறொரு நாட்டின் மாணவருக்கும் பயனளித்தமை, அறிவு பொதுவுடைமையாக இருக்கும்போது மட்டுமே நிகழத்தக்கது.

ஆகவே, இணைய வரலாற்று நூலொன்றை மதிப்பிடுமிடத்து யார் பணம் கொடுத்தனர் என்பதோடு யார் தீர்மானித்தனர், யார் பயனடைந்தனர் என்பவற்றையும் கேட்டல் வேண்டும். முதலாம் வினாவுக்கு அபேற்றின் நூல் மிகச் சிறந்த விடையளிக்கின்றது. இரண்டாவதற்குப் பெரும்பகுதி விடையளிக்கின்றது. மூன்றாவதை வாசகருக்கே விட்டுவிடுகின்றது. மேதைகளின் கதையாகவும் சந்தையின் கதையாகவும் இணையத்தைப் படித்துப் பழகிய மாணவர், இந்நூலைக் கட்டாயம் பயிலவேண்டும். அதேவேளை, இறுதி அதிகாரத்தை எட்டியதும் முன்னைய அதிகாரங்கள் கற்பித்த வினாக்களை அதன்மீதே தொடுத்தல் வேண்டும். பொதுப்பணத்தால் ஆராய்ச்சி நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு, தமது ஆய்வின் விளைவுகள் யார் கையைச் சென்றடைகின்றன என்று ஆராயும் கடமையும் உண்டு என்பதை மறத்தலாகாது.