நடுகல்லும் தீர்ப்பும்

தமிழில் வீரத்தைப் பற்றிய எழுத்து நிறைய இருக்கிறது. போரில் செத்தவனைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. இரண்டும் ஒன்றுதான் என்ற மயக்கத்தைக் கவியரங்கங்கள் வளர்த்துவிட்டன. 1962-லும் 1965-லும் 1971-லும் மேடையேறிய கவிதைகளில் புலி உண்டு, வாள் உண்டு, மகனைக் களத்துக்கு அனுப்பும் சங்கத் தாய் உண்டு. இன்ன ஊரிலிருந்து போன இன்னான் மட்டும் இல்லை.

வீரத்துக்குச் சாட்சியாக இவர்கள் இழுத்துவருவது நடுகல்லை. நடுகல் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. ஊரார் செய்து முடிக்கவேண்டிய வேலைகள் இவை. தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-ல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பைப் புரட்டினால், கல்லின் மொழி பத்திரப்பதிவைப் போல வறண்டிருப்பது தெரியும். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், என்ன சண்டை, பட்டவன் பெயர் என்ன. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. கள்ளரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆநிரை கவரப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் மாண்டவனுக்கும் உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித் திணையாகப் பிரித்தது. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சிக்குள்ளேயே வைத்திருக்கிறது. மாடு யாருடையது என்ற வழக்கு தீரட்டும், பிறகு அழலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை.

வெள்ளைக்காரன் வேறு வழக்கம் கொண்டுவந்தான். முதல் உலகப் போருக்குப்பின் பல ஊர்களில் பதிக்கப்பட்ட பலகைகள், இந்தக் கிராமத்திலிருந்து போனவர் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர் இத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு நின்றுகொண்டன. தோற்ற தரப்புக்கு எண்ணும் இல்லை. இந்திய தேசிய ராணுவத்தில் இறந்தவர்களுக்காக 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் சுபாஷ் போஸ் அடிக்கல் நாட்டிய சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர்.

அந்தப் படையில் மலேயாத் தமிழர்கள் பெருவாரியாக இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழில் கிடைத்த கல் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). அதன் பாண்டியன் தேசிய ராணுவத்தில் சேர்கிறான், கடைசியில் கொல்லப்படுகிறான். சிங்காரம் அவனைத் தியாகியாக்கவில்லை, வழிதவறியவன் என்று தீர்ப்பும் எழுதவில்லை. லட்சியங்களையெல்லாம் எள்ளி நகையாடுகிற நாவல், செத்தவனை ஒருபோதும் எள்ளுவதில்லை. நடுகல் மரபை நவீனத் தமிழில் தொடர்ந்தவர் என்று அவரைத்தான் சொல்லவேண்டும். தனியாகத் தொடர்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஏனென்றால் நமக்கு இதைவிடக் கடினமான சோதனை 1987-ல் வந்தது. இலங்கை சென்ற இந்திய அமைதிப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, தமிழரைக் கொன்ற படை என்று சொல்லி முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் 1987 அக்டோபரில் நடந்ததை அறிந்தவர் யாரும் அந்தக் கோபத்தைப் பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் அரசியல்வாதிக்கு உள்ள நிர்ப்பந்தம் எழுத்தாளனுக்கு என்ன? அவர்களால் கொல்லப்பட்டவர்களைப் பற்றி 'முறிந்த பனை' சாட்சி சொல்கிறது. அவர்களைப் பற்றி, இந்தப் பக்கத்தில், சொல்லத்தக்க ஒரு நாவல் இல்லை.

கிருஷ்ணன்கோவிலில் நான் வேலை பார்க்கும் வங்கிக்கு ஒவ்வொரு நவம்பரிலும் ராணுவ பென்ஷன்காரர்கள் லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்க வருவார்கள். உயிரோடிருப்பதாகக் கையெழுத்துப் போடுவதுதான் இவர்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே சடங்கு. யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவரிடம் அங்கே எப்படி இருந்தது என்று கேட்டேன். "அவுக பேசுறது எங்களுக்குப் புரியும் சார். அதுதான் கஷ்டம்" என்றார். பாரத்தில் தேதி போட்டுவிட்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில், 1947-க்குப்பின் இறந்த சிப்பாய்களின் பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. பெயர் எழுதும் கடமையை அரசு செய்துவிட்டது. அந்த மனிதர் சொன்ன கஷ்டத்தைக் கருங்கல் எழுதாது. அதை எழுதுவதற்கு அந்தப் போரை நியாயப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை. எந்த ஊர்க்காரன், யார் மகன், எந்த வருஷம், எந்தத் தெருவில் விழுந்தான், கடைசியாக எந்த பாஷையில் யாருடைய குரலைக் கேட்டான் என்று தொடங்கினால் போதும்.