திரும்ப விடுதல்: இரண்டு படங்கள் பற்றிய குறிப்பு

எமது சமையலறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சொன்று உண்டு: “இந்த நாட்டிலை நாய்க்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இருக்கோ?” கோப்பை கழுவிக்கொண்டு நாமும் இதைச் சொல்லியிருக்கிறோம். சொன்னதும் மனதுக்கு ஒரு ஆறுதல் வரும். அந்த ஆறுதலைக் கெடுத்த இரண்டு படங்கள் பற்றியதே இக்குறிப்பு. இரண்டும் இஸ்தான்புல் நகரத்துத் தெருநாய்கள் பற்றியவை.

முதலாவது ‘ஸ்ட்ரே’ (2020). எலிசபெத் லோ நெறியாள்கை செய்த விவரணப்படம். ஸெய்தின் என்ற பெட்டைநாயின் பின்னால் கமரா நடக்கிறது. நாயின் கண்மட்டத்தைவிட்டு அது அதிகம் உயர்வதில்லை. மனிதர்கள் கால்களாகவும் அரைகுறைப் பேச்சுக்களாகவுமே எமக்குக் கிடைக்கிறார்கள். அவள் போகும் வழியில் சிரியாவிலிருந்து வந்த அகதிப் பையன்கள் சிலர் எதிர்ப்படுகிறார்கள். பாதியில் நிற்கும் கட்டடத்தில் படுக்கிறார்கள், பசை முகர்கிறார்கள், நாய்களோடு சேர்ந்து தூங்குகிறார்கள்.

ஸெய்தின் அப்படிச் சுதந்திரமாகத் திரிவதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. துருக்கியின் 2004ஆம் ஆண்டின் 5199ஆம் இலக்கச் சட்டப்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். இது வெறும் இரக்கத்தால் வந்த முறையல்ல. ஒரு தெருவின் நாய்களைக் கொன்றுவிட்டால் அந்த இடத்துக்கு வேறு நாய்கள் வரும். ஊசி போட்ட நாய் அங்கேயே இருந்தால் நோயும் பெருகாது, குட்டிகளும் பெருகா. நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டால் விசர்நோய் பரவுவதைத் தடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ குறொஸ் அமைப்பு நீண்டகாலம் வாதாடி, 1990களின் நடுப்பகுதியில் மாநகராட்சியை ஏற்கச் செய்ததும் இதே முறையைத்தான்.

பிடித்த இடத்திலேயே திரும்ப விடுதல். இந்த நான்கு சொற்களில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். திருப்பி அனுப்புதல் என்றாலே எமக்கு நித்திரை வராது. அந்த நாய்க்கோ அதுவே உரிமை. அது திரும்பிப் போகும் தெருவில் அதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள், எலும்பு போடுபவர்கள் இருக்கிறார்கள். பையன்களுக்குத் தெருவுமில்லை, ஊருமில்லை. படம் இதை உரத்துச் சொல்லாமல் காட்டுவது அதன் பலம்.

ஆனால் நெறியாளரிடம் எமக்கொரு கேள்வி உண்டு. கமரா நாயின் உயரத்தில் நிற்பது, பையன்களிடம் எதையும் கேட்காமல் விடுவதற்கும் வசதியாகப் போய்விடவில்லையா? இடையிடையே திரையில் வரும் டயோஜெனிஸின் வாசகங்கள் நாயைத் தத்துவஞானி ஆக்குகின்றன. பையன்கள் கடைசிவரை பின்னணியாகவே இருக்கிறார்கள். இறுதியில் தொழுகை அழைப்போடு சேர்ந்து ஸெய்தின் ஊளையிடும்போது எமக்கு மெய் சிலிர்த்தது உண்மை. அந்தப் பையன்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்று யோசித்ததும் உண்மை.

இரண்டாவது, யெரெவானில் பிறந்து பிரான்சில் வாழும் ஆர்மீனியரான செர்ஜ் அவெதிக்கியான் ஆக்கிய ஓவிய அசைவுக் குறும்படம் ‘ஷியென் திஸ்துவார்’. 2010இல் கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை விருது பெற்றது. நாம் நாய்ப் பிழைப்பு என்பதைப் பிரெஞ்சுக்காரரும் அப்படியே சொல்வர். அந்த வழக்கை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்: நாய்ப்பட்ட வரலாறு.

1910இல் ஒட்டோமன் தலைநகரின் புதிய ஆட்சியாளர் நகரை ஐரோப்பாபோல் ஆக்க விரும்பினர். பல்லாயிரம் தெருநாய்களைக் கப்பலேற்றி, மர்மரா கடலிலுள்ள ஆளில்லாத ஒரு பாறைத்தீவில் இறக்கிவிட்டனர். நீருமில்லை, உணவுமில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1915இல், அதே ஆட்சி ஆர்மீனியரைப் பாலைவனத்துக்கு நடத்தியது. படம் இதைச் சொல்லவில்லை, நாய்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆர்மீனியர் ஒருவர் ஏன் இந்தக் கதையைத் தெரிந்தார் என்று எமக்கு விளக்கம் தேவைப்படவுமில்லை.

2024 யூலை 30ஆம் திகதி துருக்கி நாடாளுமன்றம் 2004ஆம் ஆண்டின் சட்டத்தைத் திருத்தியது. தெருநாய்களைக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும், திரும்ப விடக்கூடாது. நாய் கடித்துப் பிள்ளைகள் இறந்தது பொய்யல்ல. பெற்றோரின் கோபத்தை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் நாய்களின் தொகையை அரசே சுமார் 40 இலட்சம் என்கிறது. 1845 முதல் பாரிஸில் இயங்கும் விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் காப்பகத்திலிருந்து யாராவது ஒரு நாயை வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அது இடைத்தங்கல். 40 இலட்சத்தையும் யார் கூட்டிப் போவது? வெளியே வர வழியில்லாத காப்பகத்தின் பெயர் வேறு.

அந்தப் பெயர் எமக்குத் தெரியும். 2009இல் வவுனியாவில் முட்கம்பிக்குள் எம்மவர் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அடைத்துவைத்த இடத்துக்கு அரசு வைத்த பெயர் நலன்புரிக் கிராமம். நலன் என்ற சொல்லை யார் சொல்கிறார், கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆகவே எமது சமையலறைப் பேச்சை நாம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாய்க்குப் போடும் சோறு எமது பங்கிலிருந்து எடுத்ததல்ல. ஒரு நகரத்தைத் துப்புரவாக்கப் புறப்படுபவர்கள் முதலில் நாய்களை ஏற்றுகிறார்கள். அந்தக் கப்பலுக்கு அடுத்த கப்பலும் உண்டு.