மண்டையைத் திறக்காமல் மூளையைப் பார்ப்பது

மூளையில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கச் சுண்டெலியின் மண்டையோட்டைத் திறந்தால், திறந்த காரணத்தாலேயே அங்கே அழற்சி வந்துவிடும். நியூயார்க்கில் வென் பியாவ் கான் குழு 2007-இல் இதை நேரடியாகவே சோதித்தது. சில எலிகளுக்கு எலும்பை வெட்டி எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்தார்கள். சிலவற்றுக்கு எலும்பை மெலிதாகச் சீவியதோடு நிறுத்திக்கொண்டார்கள். திறந்த மண்டைக்குக் கீழே, மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்து கிடந்தன. நரம்பு செல்களின் நுண்முட்கள் தோன்றி மறையும் வேகமும் மாறியிருந்தது. அதாவது, தேடப் போன நோயைத் தேடுகிற கையே கொண்டுவந்து வைத்துவிட்டது.

தோலையும் எலும்பையும் தொடாமல் வெளியிலிருந்தே ஒளிர்வைப் படமெடுக்கும் முறைக்கு இதைவிட வலுவான நியாயம் வேண்டியதில்லை. தலைமுடியை மழித்து, வால் சிரையில் ஒளிர்சாயம் ஏற்றி, மயக்கமருந்து கொடுத்து, எலியை இருட்டுப் பெட்டியில் படுக்க வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை இரத்தமே விழுங்கிவிடும் என்பதால், சுமார் 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜியே தாய் குழு 2014-இல் கார்பன் நுண்குழாய்களைக் கொண்டு 1300 நானோமீட்டருக்கு மேலே போனது. தலைத்தோலும் எலும்பும் அப்படியே இருக்க, 2 மில்லிமீட்டர் ஆழம் வரை மூளையின் இரத்தக் குழாய்கள் துலங்கின.

இதனால் கிடைக்கும் பெரிய லாபம், ஒரே எலியைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிவது. முன்பெல்லாம் முதல் நாளுக்கு ஒரு கூட்டம், மூன்றாம் நாளுக்கு ஒரு கூட்டம், ஏழாம் நாளுக்கு ஒரு கூட்டம் என்று எலிகளைக் கொன்று, மூளையை அறுத்துப் பார்ப்பார்கள். இப்போது எலி தனக்குத் தானே ஒப்பீடாக நிற்கிறது. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் முன்வைத்த, ஆய்வு விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இது நேர்மையான பதில்தான்.

எனக்கு இடிக்கும் இடம் சாயம். மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. நலமாக இருக்கும்போது பெரும்பாலான சாயங்களை அது உள்ளே விடாது. அழற்சியில் அது ஓட்டையாகிறது, சாயம் கசிகிறது, திரையில் சிவப்பும் மஞ்சளுமாக ஓர் இடம் எரிகிறது. அந்த நிறம் காட்டுவது அழற்சியையா, கசிவையா? 1950-களிலிருந்து மனிதருக்கும் ஏற்றப்பட்டுவரும் இந்தோசயனின் பச்சை இரத்தத்தின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டே திரியும். புரதம் கசியும் இடத்தில் அதுவும் கசியும், அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் எதிர்ப்பொருளில் சாயத்தை ஒட்டிவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. எதையும் பிடிக்காமலே அது ஓட்டை வழியாக உள்ளே போய்த் தேங்கலாம். பெர்லினில் யான் குளோஸ் குழு 2008-இல் இதைச் சரியாகக் கையாண்டது. பக்கவாதம் உண்டாக்கிய எலிகளில் சிடி40 என்ற அழற்சி ஏற்பியைத் தேடியபோது, எதையும் பிடிக்காத எதிர்ப்பொருளில் அதே சாயத்தை ஒட்டி ஒப்பிட்டார்கள். சிடி40 இல்லாமலே பிறந்த எலிகளையும் பக்கத்தில் வைத்தார்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் பளபளப்பான ஒரு படத்தை மட்டும் அச்சிடும் கட்டுரையை நான் நம்புவதாக இல்லை. இங்கே மலேசியாவில், செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மருத்துவமும் மருந்தியலும் படிக்கும் நம் பிள்ளைகள் இப்படிப்பட்ட படங்களைப் புரட்டும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

மற்றக் குறைகளும் உண்டு. ஒளி சிதறுவதால் வெளிச்சம் எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்று தட்டைப் படத்தில் தெரியாது. ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்கும் சி57 இனம் கறுப்பு எலி. முடி முளைக்கும் பருவத்தில் தோலின் நிறமியே ஒளியைத் தின்றுவிடும். தீவனத்தில் குதிரைமசால் புல் இருந்தால், அதன் பச்சையம் குடலுக்குள்ளிருந்து தானும் ஒளிரும்; தலையை மட்டும் படமெடுப்பவருக்கு இது பெரிய தொல்லையில்லை. மயக்கமருந்து அப்படியல்ல. ஐசோஃப்ளூரேன் கொடுத்த எலியில் மைக்ரோகிளியா கைகளை நீட்டித் துழாவும் விதமே மாறிவிடுகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கத்தி படாத முறை என்பது உண்மை, ஆனால் எலியை அப்படியே விட்டுவைக்கும் முறை என்று சொல்ல முடியாது.

எலியைவிட்டு மனிதனுக்கு வந்தால் பிடிமானம் இன்னும் தளர்கிறது. எலியின் மண்டையோடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வளர்ந்த மனிதருக்கு அது பல மில்லிமீட்டர். மிட்டாய்க்கும் மிக்சருக்கும் மஞ்சள் ஏற்றுகிற டார்ட்ராசினைப் பூசி எலியின் தலைத்தோலைக் கண்ணாடிபோல ஆக்கியதாக 2024-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து செய்தி வந்தது. ஆனால் அது தோலோடு சரி. எலும்பு எலும்பாகவே இருக்கிறது. அழற்சியை உண்டாக்க எலிக்குள் செலுத்தும் பாக்டீரிய நஞ்சைப் பொறுத்தும் இடைவெளி பெரிது: மனிதரைப் படுக்கையில் தள்ளும் அளவு எலியை அசைக்காது. எலியின் அழற்சி மனிதரோடு பொருந்தவில்லை என்று 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. அதே தரவுகளை வேறு விதமாக அலசி, நன்றாகவே பொருந்துகிறது என்று இன்னொரு குழு அடுத்த ஆண்டே மறுத்தது. வழக்கு முடிந்தபாடில்லை.

மலேசியர்களான நமக்கு இது தூரத்து வழக்கு இல்லை. 1998-இல் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் கிளம்பி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக் காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் (ஜே.இ.) என்றே நினைத்தார்கள், கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் வேறொரு வைரஸைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் நிப்பா என்ற பெயர் வந்தது. நோய் கண்ட 265 பேரில் 105 பேர் மாண்டனர். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள் கழித்து, ஆண்டுகள் கழித்தும்கூட, மூளை மறுபடி அழன்றது. ஒரே உடலை நெடுங்காலம் திரும்பத் திரும்பப் பார்க்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான நோய் இருக்குமா? ஆனால் சாதாரண ஆய்வுக்கூடச் சுண்டெலியை நிப்பா எளிதில் வீழ்த்துவதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் வோங் கும் தோங்கும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2003-இல் தங்க ஹாம்ஸ்டரைத்தான் மாதிரி விலங்காகக் கொண்டார்கள். சாயம் ஒட்டத் தோதான எதிர்ப்பொருள்களோ பெரும்பாலும் சுண்டெலிக்கென்றே செய்யப்படுகின்றன. ஹாம்ஸ்டருக்குக் கிடைப்பவை சொற்பம்.