மைனஸும் மைனஸும் ப்ளஸ் ஆகுமா?

அபிஷேகப்பாக்கத்தில் பக்கத்து வீட்டுப் பையன் தன் ஆங்கில நோட்டைக் காட்டினான். 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்று எழுதியிருந்ததைச் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் 'மைனஸ் × மைனஸ் = ப்ளஸ்' என்று போட்டிருந்தது. அதாவது, 'எனக்கு ஏதோ தெரியும்' என்று அவன் சொல்லிவிட்டானாம்.

திருத்தம் சரி. சொன்ன காரணம்தான் தப்பு.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1965ஆம் வருடப் பாட்டு '(ஐ கான்ட் கெட் நோ) சாட்டிஸ்ஃபேக்ஷன்'. அதைக் கேட்ட யாரும் பாடினவர் திருப்தியா இருக்கார்னு நினைக்கலை. 14ஆம் நூற்றாண்டில் சாசரே எதிர்மறைகளை அடுக்கி எழுதினவர்தான். பின்னாடி, படித்தவர்கள் எழுத்தில் இந்த வழக்கு அருகிப்போனது. 1760களில் ராபர்ட் லௌத் போன்ற இலக்கணக்காரர்கள், இரண்டு எதிர்மறை ஒன்றையொன்று அழிக்கும் என்று அதற்கு ஒரு தர்க்கம் கொடுத்தார்கள். அதிலிருந்து, லண்டன் தொழிலாளியும் அமெரிக்கக் கறுப்பினத்தவரும் அப்படிப் பேசினால் 'யோசிக்கத் தெரியாதவர்கள்' என்று பெயர். அந்தப் பேச்சுக்கும் ஒழுங்கான விதிகள் உண்டு என்று வில்லியம் லபோவ் 1972இல் விளக்கி எழுதினார்.

அவ்வளவு தூரம் போவானேன், புதுச்சேரிக்குப் பழக்கமான பிரெஞ்சையே பாருங்கள். 'ஜு நு சே ரியேன்' என்றால் 'எனக்கு ஒண்ணும் தெரியாது'. 'நு', 'ரியேன்' இரண்டுமே எதிர்மறைக்கு வருபவை. 'ரியேன்' ஒரு காலத்தில் வெறும் 'பொருள்' என்று அர்த்தப்பட்ட சொல். எதிர்மறையோடு சேர்ந்து சேர்ந்தே 'ஒண்ணுமில்லை' ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரருக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்வதில்லை.

பையன் செய்ததும் இதுக்குப் பக்கத்தில்தான். 'ஒண்ணும் தெரியாது' என்பதில் எதிர்மறை 'தெரியாது'வில் மட்டும் இருக்கிறது. 'ஒண்ணும்' அதோடு ஒட்டி வருகிறது. 'நத்திங் என்றால் ஒண்ணும் இல்லை' என்று மனப்பாடம் செய்தவன், தமிழை நேர்மையாகப் பெயர்த்திருக்கிறான்.

சரி, இரண்டு எதிர்மறை உடன்பாடாவதே இல்லையா? உண்டு. 'எனக்குத் தெரியாம இல்லை' என்கிறோமே. ஆனால் அது வெறும் 'தெரியும்' இல்லை. 'இவனுக்குத் தெரியாது'ன்னு எதிராளி நினைத்திருப்பதை மறுக்கிற பேச்சு அது. கொஞ்சம் கோபம், கொஞ்சம் தயக்கம் கூட அதில் இருக்கலாம். கணக்குப் போட்டு 'தெரியும்' என்று சுருக்கினால் அதெல்லாம் காணாமல் போய்விடும்.

பையனிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "பரீட்சையில 'ஐ டோன்ட் நோ எனிதிங்'னு எழுதுடா. இப்போ எழுதுற இங்கிலீஷ்ல அதான் வழக்கம்."

வழக்கத்தை வழக்கம் என்றே சொல்லிக்கொடுக்கலாம். அதைக் கணக்கு என்று சொன்னால், தனக்கு மூளை போதாது என்று பிள்ளை நம்பிவிடும்.