வழுக்கிக்கொண்டு உரியும் முட்டை

பிரியாணிக்கு மேலே வைக்கிற முட்டை வழுவழுவென்று இருந்தால்தான் அழகு. ஆனால் காலையில் கோழி இட்ட முட்டையை மதியமே அவித்து உரித்துப் பாருங்கள். ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வரும். கடைசியில் கையில் நிற்பது எலி கொறித்த தேங்காய்ச் சில்லு மாதிரி ஒன்று.

குற்றம் சமைத்தவர் மேல் இல்லை. புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு அதிகம், காரத்தன்மை குறைவு. அதனால் வெந்ததும் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. நாளாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே அந்த வாயு வெளியேறி, பிடி தளர்கிறது. ஒரு வாரம் ஆன முட்டை சமர்த்தாக உரிவது இதனால்தான்.

அதுவரை காத்திருக்க முடியாதா? இட்லிப் பானை இருக்கிறதே! தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி கிளம்பிய பிறகு தட்டில் முட்டைகளை வைத்து மூடுங்கள். 12 நிமிடம் போதும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் வெள்ளைக்கரு சவ்வை நன்றாகப் பற்றிக்கொள்ளும். எடுத்த எடுப்பிலேயே சூடு பட்டால் அவ்வளவாக ஒட்டாது. இறக்கிய கையோடு ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

பிறகு அகன்ற முனையில் ஒரு தட்டு. காற்றறை இருப்பது அங்கேதான். கட்டைவிரலைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, தண்ணீருக்குள்ளேயே உருட்டுங்கள். ஓடு பெரிய பெரிய சில்லுகளாகக் கழன்று வரும். உள்ளே பளிங்கு மாதிரி முட்டை. அந்தச் சுகத்துக்காகவே இன்னொன்று உரிக்கத் தோன்றும். உப்பும் மிளகுத்தூளும் பக்கத்திலேயே இருக்கட்டும்.